எலியற்ற ஊராட்சியின் ஐந்தாவது கையெழுத்து

மாவனஹள்ளியில் எலி கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் அரூர் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நிறுத்தத்தில் நட்டிருக்கும் பச்சைப் பலகையைப் படித்துக்கொள்ளலாம். 'எலியற்ற ஊராட்சி' என்று வெள்ளை எழுத்தில் இருக்கிறது. கீழே நாள், அதற்குக் கீழே முத்திரை. பலகையின் காலடியில் ஒரு எலி வளையும் இருக்கிறது. அதற்குப் பலகை ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பெருமைக்கான சான்றிதழில் ஐந்து கையெழுத்துகள். தலைவர், செயலர், சுகாதார ஆய்வாளர், வேளாண்மை உதவியாளர், ஐந்தாவதாகக் குடிநீர்த் தொட்டி இயக்குபவர். தொட்டிக்காரன் எதற்கு என்று கேட்கக் கூடாது. எலிக்குத் தாகம் எடுக்குமே என்று மேலே யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறார். அந்தத் தொட்டிக்காரன்தான் தீர்த்தகிரி. காலையில் மோட்டார் போடுவான், மாலையில் வால்வு திருப்புவான், நடுவில் தன் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் குச்சிக்கிழங்கும் பார்ப்பான். பதினான்கு வருஷமாக வருகைப் பதிவேட்டைத் தவிர எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

சோதனை மாவில்தான் நடந்தது. ஊரில் பத்து வீட்டைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு இரண்டு கிலோ கேழ்வரகு மாவைக் கொடுத்து, சாயங்காலம் அடுப்படியில் பரப்பச் சொல்வார்கள். விடிந்ததும் அதிகாரிகள் வந்து மாவில் எலித்தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். தடம் இருந்தால் எலி இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. அறிவியல் என்றால் சும்மாவா!

விடிந்தபோது பத்து வீட்டுத் தரையும் கழுவித் துடைத்தது போலக் கிடந்தது. ஒரு பொட்டு மாவு மிச்சமில்லை. எலியற்ற ஊராட்சி இயக்கத்தின் சிறப்பு அலுவலர் மாதவராஜ், தீர்த்தகிரியின் அடுப்படியில் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"தடம் இருக்கா?"

"மாவே இல்லைங்க சார்" என்றான் உதவியாளன் முருகேஷ்.

"நான் மாவக் கேக்கலப்பா. தடம் இருக்கா, இல்லையா?"

"இல்லைங்க சார்."

"எழுது. தடம் இல்லை."

படிவத்தில் தடத்துக்குக் கட்டம் இருந்தது, மாவுக்குக் கட்டம் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்வது?

கையெழுத்துப் போடும் நேரத்தில் தீர்த்தகிரிக்கு ஒரு விநாடி கை நின்றது. முந்தைய வாரம்தான் தொட்டிக்குள் செத்து மிதந்த இரண்டு எலிகளை வாளியால் அள்ளி எறிந்திருந்தான். ஊராட்சிச் செயலர் மாதேஷ் அவன் தோளைத் தட்டினான். "போடுண்ணா. வெளியில ஜீப்பு நிக்குது." ஜீப் நிற்பது மட்டுமில்லை, உறுமிக்கொண்டும் இருந்தது. ஜீப் உறுமினால் நம் ஆட்களுக்குக் கை தானாக ஓடும். ஓடியது.

அன்றைக்கு அவன் மனைவி குள்ளம்மாள் வெறும் தரையைப் பார்த்தபடி நின்றாள். "என்னாங்க, ரெண்டு கிலோ மாவு. நம்ம வூட்டுல ஒரு வாரத்துக்குக் களி கிளறலாம். ஆகாசத்துக்கா போயிருக்கும்?"

"உனக்கேன் புள்ள அந்தப் பேச்சு? அவங்க படிச்சவங்க."

விருது விழாவில் மாதவராஜ் பேசினார். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, எல்லோருக்கும் கேசரி கொடுத்துப் பேசினார். "பெரியோர்களே, தாய்மார்களே! இந்த நாட்டில் இத்தனை காலமும் எலியை ஒழிக்கத்தான் பார்த்தார்கள். எலி ஒழிந்ததா? இல்லை. எலியைப் பற்றிய புகாரை ஒழிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? நாங்கள் வேரிலிருந்து தொடங்கினோம். இன்று இந்த ஊரிலிருந்து ஒரு புகாரும் இல்லை. இனிமேலும் வராது. வர விடமாட்டோம்!" கூட்டம் கை தட்டியது. கேசரி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் சில மாற்றங்கள். வயலில் எலி பிடிக்க ஆந்தை வரட்டும் என்று வேளாண்மைக்காரர்கள் முன்பு நட்டுவைத்த குறுக்குக் குச்சிகளைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆந்தை உட்கார்ந்தால் பார்க்கிறவன் எலி இருப்பதாக நினைத்துக்கொள்வானாம். விருதுக்கு முன்னால் வைத்த விஷ உருண்டையைத் தின்ற எலிகளைத் தின்று சாரைப்பாம்புகள் வரப்போரம் வயிறு மேலாகக் கிடந்தன. எஞ்சிய எலிகளுக்கு ஆந்தை பயமும் இல்லை, பாம்பு பயமும் இல்லை. அதுவரை இருட்டினால் வெளியே வந்த எலி, இப்போது பட்டப்பகலில் தெருவைக் குறுக்கே கடந்தது. பார்த்தவர்கள் பார்க்காதது போல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பார்த்தேன் என்று சொல்வது விருதுக்கு அவமானமாயிற்றே. பிறகு சொல்லாமலிருப்பதே ஊர் வழக்கமாகிவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வயலில் முட்டிக்கால் தண்ணீர். குள்ளம்மாளுக்குக் காலில் பித்தவெடிப்பு, விரல் நுழையும் ஆழத்துக்கு. அந்தக் காலோடு நான்கு நாள் நாற்று நட்டாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று நாள் கடையில் வாங்கிய மாத்திரையோடு கிடந்தாள். நான்காம் நாள் ஆடுதசையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கண் இரண்டும் மிளகாய் போலச் சிவந்து, ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நிர்மலாதேவிக்கு முப்பது வயதிருக்கும். குள்ளம்மாளின் ஆடுதசையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். அவள் துடித்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"தேங்கின தண்ணியில நின்னீங்களாம்மா?"

"நாத்து நட்டா நிக்காம எப்புடிங்க டாக்டரம்மா?"

டாக்டர் தீர்த்தகிரியைத் தனியாக அழைத்தார். "எலி மூத்திரம் கலந்த தண்ணிங்க. கால் வெடிப்பு வழியா உள்ள போயிருக்கு. கல்லீரல், கிட்னி ரெண்டையும் புடிக்கும். மாத்திரையோட போற கட்டம் தாண்டிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி போடணும். சீக்கிரம் போடணும்."

"எழுதிக் குடுங்கம்மா, இப்பவே போறேன்."

டாக்டர் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். ஊராட்சிப் பெயரில் மாவனஹள்ளியைத் தொட்டார். பக்கத்தில் வியாதிகளின் வரிசை வந்தது. மலேரியா இருந்தது, டெங்கு இருந்தது, நாய்க்கடியும் பாம்புக்கடியும் இருந்தன. எலிக்காய்ச்சல் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"எலி இல்லாத ஊருக்கு அது வராதுங்க. எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் கையால எழுதினார். எந்த எலின்னு விளக்கம் கேட்டு பதினேழு பக்கம் நோட்டீஸ் வந்துச்சு. இப்ப அவரு எங்க இருக்காருன்னே தெரியல." டாக்டர் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "காரணமறியாக் காய்ச்சல்னு எழுதித் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது."

காரணமறியாக் காய்ச்சலுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் என்ன மரியாதை கிடைக்கும்? பச்சைச் சீட்டு ஒன்று கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வராந்தாவில் அதே பச்சைச் சீட்டோடு மாவனஹள்ளி ஆட்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆடுதசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது சுகாதார நிலையத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மதியழகன் வாசலில் நிறுத்திக் கேட்டான். "அண்ணா, காரிப்பள்ளத்துல உங்களுக்குச் சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?"

"இவளோட அக்கா தங்கம்மா அங்கதான் இருக்குது. ஏம்ப்பா?"

"அங்க இன்னும் விருது குடுக்கல. எலி அனுமதி இருக்குது. ஆதார்ல அண்ணி முகவரிய அங்க மாத்திட்டு வாங்க. திரையில வியாதி வந்துரும். ஊசியும் வந்துரும்."

தீர்த்தகிரிக்கு இது திருட்டுத்தனமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் கேட்க மாட்டார்களா, அவர்களும் மனுஷர்கள்தானே என்று நினைத்தான். பாவம்! திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு, ஆதாரத்துக்குத் தன் அடுப்படியில் பிடித்த எலி ஒன்றைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு போனான். பஸ்ஸில் கண்டக்டர் எலிக்கும் டிக்கெட் கேட்டான்.

மாதவராஜ் கூண்டைப் பார்த்தார். எலியும் அவரைப் பார்த்தது.

"இது உங்க ஊர் எலிதான்னு என்ன ஆதாரம்?"

"எங்க வூட்டு அடுப்படியில புடிச்சேனுங்க."

"புடிச்ச இடம் வேற, சொந்த ஊர் வேற. நான் கூடத்தான் தர்மபுரியில வேலை பாக்கறேன். அதுக்காக நான் தர்மபுரிக்காரன் ஆயிடுவேனா?"

"சார், எம் பொண்டாட்டிக்குக் கண்ணு மஞ்சளாயிடுச்சுங்க. ஊர்ல எலி இருக்குதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. அது போதும்."

மாதவராஜ் ஒரு கோப்பை எடுத்தார். சான்றிதழ் நகல். அதன் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் வைத்துக் கொறித்திருந்தது. நாள் இருந்த மூலையே காணோம். அவரும் அதைப் பார்த்தார், தீர்த்தகிரியும் பார்த்தான், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுங்க."

"எலி இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப எலி இருக்குதுன்னு சொல்றீங்க. உங்களை நம்பறதா, உங்க கையெழுத்த நம்பறதா? நான் அரசாங்க ஊழியன். கையெழுத்தத்தான் நம்புவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, உபதேசம் போலச் சொன்னார். "இங்க பாருங்க. எலி எல்லா ஊர்லயும் இருக்கும். அது இயற்கை. அது தப்பில்ல. அறிக்கையில எலி இருக்கக் கூடாது. அதுதான் நிர்வாகம்."

எலியற்ற ஊராட்சிக்குள் எலி வைத்திருந்ததற்காக அவன் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். முருகேஷ் கூண்டை வாங்கிக்கொண்டு, ரசீது எழுதித் தந்து, பின்பக்கம் போய்த் திறந்துவிட்டான். எலி ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. பல நாள் பழகிய இடம் போல நேராகப் பதிவறைக் கதவிடுக்கில் நுழைந்தது.

அதற்கப்புறம் தீர்த்தகிரி யோசிக்கவில்லை. குள்ளம்மாளைத் துணி மூட்டை போலத் தூக்கி டாட்டா ஏஸில் படுக்க வைத்து, இ-சேவை மையத்தில் காவியா என்கிற பெண்ணிடம் விரல் ரேகை வைத்து முகவரி மாற்ற எழுதிக் கொடுத்து, காரிப்பள்ளத்துக்குக் கொண்டு போனான். "மூணு நாள் ஆகும்ண்ணா, போன்ல மெசேஜ் வரும்" என்றாள் காவியா. மூன்று நாளும் அவன் போனைக் கையை விட்டு வைக்கவில்லை. குள்ளம்மாளுக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. முகம் வீங்கி, தோல் முழுக்க மஞ்சள்.

"என்னாங்க, நம்ம வூட்டுக்கே போயிரலாங்க" என்றாள் ஒரு தரம். "செத்தா அங்க சாவறேன்."

"பேசாத புள்ள. மெசேஜ் வந்துரும்."

மூன்றாம் நாள் சாயங்காலம் மெசேஜுக்கு முன்னால் ஆட்டோ வந்தது. மேலே ஒலிபெருக்கி. "காரிப்பள்ளம் பொதுமக்களுக்கு ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு! நாளை காலை உங்கள் ஊராட்சி எலியற்ற ஊராட்சியாகிறது! தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து வீட்டார் மாவு பெற்றுக்கொள்ளவும்!" பத்து வீட்டில் தங்கம்மாள் வீடும் ஒன்று. முருகேஷ் வந்து இரண்டு கிலோ பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, படுத்திருந்தவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

தீர்த்தகிரி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எலி மாவைத் தின்றால் தடம் இருக்காது. தடம் இல்லையென்றால் நாளைக் காலை எட்டு மணிக்குக் காரிப்பள்ளத்திலும் எலி இல்லை. எலி தின்னாமல் நடந்து மட்டும் போக வேண்டும். எழுந்து போய் அடுப்புச் சாம்பலை அள்ளி, மாவோடு சரிபாதி கலந்தான். கலந்ததைச் சலித்து, அடுப்படியிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் மெல்லிசாகத் தூவினான். பதினான்கு வருஷம் தொட்டிக்குக் குளோரின் கலந்தவன் கை, ஒரே சீராக விழுந்தது.

"இதென்னா தம்பி பண்றே?" என்றாள் தங்கம்மாள்.

"எலிக்கு ரோடு போடறேங்க்கா."

விடிந்தது. ஐயோ, அந்தத் தரையைப் பார்க்க வேண்டுமே! ஒரு எலி, இரண்டு எலி இல்லை. பெரிய பாதம், சின்னப் பாதம், வால் இழுத்த கோடு, ஒன்றின் மேல் ஒன்று, ஏதோ எலிகளுக்குத் தேர்த் திருவிழா நடந்தது போல. தீர்த்தகிரிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எலியைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துப் போனும் கிணுகிணுத்தது. முகவரி மாற்றம் ஏற்கப்பட்டது. ஒன்பது மணிக்கு டாட்டா ஏஸ் வரச் சொல்லியிருந்தான். அதுவரை இந்த ஊரில் எலி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

எட்டு மணிக்கு மாதவராஜ் வந்தார். பின்னால் ஜீப், ஜீப்புக்குள் புதுப் பச்சைப் பலகை, பெயின்ட் வாசனை போகாமல்.

"தடம் இருக்குதுங்க சார்! பாருங்க, பாருங்க!" தீர்த்தகிரி அவர் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்தான்.

மாதவராஜ் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். முருகேஷ் பேனாவைத் திறந்து வைத்திருந்தான்.

"ஆமா, தடம் இருக்கு" என்றார் மாதவராஜ். தீர்த்தகிரிக்கு மூச்சு வந்தது. "ஆனா தடம் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"சார்?"

"வாசல் பக்கம். எல்லாம் வாசலப் பாத்துத்தான் போகுது." அவர் நிமிர்ந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். "எழுது முருகேஷ். எலிகள் ஊரை விட்டு வெளியேறிவிட்டன என்பதற்குக் கண்கூடான தடயம் கிடைத்துள்ளது."

"சார், உள்ள வர்ற தடமும் இருக்குதுங்க சார்! கட்டில் கிட்டப் பாருங்க!"

"வராம எப்படி வெளிய போக முடியும்? அது பழைய தடம்."

தீர்த்தகிரி கத்தினான். ஜீப் உறுமுகிறதா இல்லையா என்று அவனுக்குக் காதில் விழவில்லை. "அந்தக் கட்டில்ல கிடக்கிறவளப் பாருங்க சார்! எலிதான் அவள இப்படிப் பண்ணிச்சு! ஒரு மணி நேரம் பொறுங்க, ஒரே ஒரு மணி நேரம். ஒம்போதுக்கு வண்டி வந்துரும். அப்புறம் போர்டு நடுங்க, பந்தல் போடுங்க, என்னா வேணா பண்ணுங்க!"

"இந்தம்மா இங்க எத்தனை நாளா குடியிருக்காங்க?"

"மூணு நாளுங்க."

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"பத்து நாளாச்சுங்க."

"அப்ப காய்ச்சல் முந்தின ஊர்ல வந்தது. முந்தின ஊர் மாவனஹள்ளி. அது எலியற்ற ஊராட்சி. அதனால இது எலிக்காய்ச்சல் இல்ல." மாதவராஜ் கணக்கு முடித்த வாத்தியார் போலச் சிரித்தார். "பாத்தீங்களா, இயக்கம் இருந்ததால எவ்வளவு சுலபமாப் போச்சு!"

வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தங்கம்மாள் முடியாது என்று முந்தானையை உதறிவிட்டாள். ஒலிபெருக்கியே வைத்தாலும் கேட்க மாட்டாள் என்று தெரிந்ததும் மாதவராஜ் பட்டியலைப் புரட்டினார். அந்த முகவரியில் இன்னொரு குடியிருப்பாளர் இருந்தாள். அன்று காலையில்தான் சேர்ந்திருந்தாள். குள்ளம்மாள், கணவர் பெயர் தீர்த்தகிரி. முருகேஷ் மை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தீர்த்தகிரி பின்னால் ஓடப் பார்த்தான். ஜீப்பில் வந்திருந்த ஊராட்சிச் செயலர்கள் இருவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "இருண்ணா, இருண்ணா, ஒரு ரேகைதானே" என்றார்கள்.

முருகேஷ் வெளியே வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரேகை விழுந்துச்சா?" என்றார் மாதவராஜ்.

"விழுந்துச்சுங்க சார்." அவன் காகிதத்தை நீட்டவில்லை. "சார், அந்தம்மா கை சில்லுன்னு இருக்குதுங்க."

"நல்லது. காய்ச்சல் விட்டிருக்கு. அதையும் எழுதிக்கோ. காய்ச்சல் இல்லை."

உள்ளேயிருந்து தங்கம்மாளின் ஓலம் கேட்டது. பிடித்திருந்த கைகள் தானாக விட்டன. தீர்த்தகிரி சாம்பலும் மாவும் கலைய ஓடிக் கட்டிலடியில் விழுந்தான். அவளுடைய கட்டை விரலில் மை காயாமல் இருந்தது. அதைத் தன் வேட்டியால் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் போட்டது புள்ள, நான் போட்ட கையெழுத்துதான் புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

வாசலில் நிழல் தட்டியது. முருகேஷ் நின்றான், கண் கலங்கி, காகிதத்தோடு. "அண்ணா, மன்னிச்சுக்கோங்க. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு குறையுது. அஞ்சாவது கட்டம். இந்த ஊருத் தொட்டிக்காரரு வரல, எந்தத் தொட்டிக்காரரு போட்டாலும் சரின்னாரு சார். அவரு ஜீப்புல உக்காந்துட்டாரு."

தீர்த்தகிரி பேனாவை வாங்கினான். காகிதத்தைக் கட்டில் சட்டத்தில் வைத்து, காலியாக விட்டிருந்த கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, 'எலி இருக்குது' என்று எழுதிக் கொடுத்தான். முருகேஷ் படித்தான். அப்படியே வெளியே கொண்டு போனான்.

மாதவராஜ் ஜீப்பில் இருந்தபடியே காகிதத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று விரல் வைத்து எண்ணினார்.

"எல்லாம் நிரம்பியிருக்கு" என்றார். "பலகைய இறக்குங்க."